தாதியர் பயிற்சியில் குடும்ப வன்முறை

மதிப்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்ட மருந்தகத்திலும் பின்னர் அரசாங்கக் கிளினிக்கிலும் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வீங்கிய முகத்துடன் வந்த பெண்கள், கணவர் பக்கத்தில் நிற்க, 'குளியலறையில் வழுக்கி விழுந்தேன்' என்று சொன்னதை அப்படியே அட்டையில் எழுதியிருக்கிறேன். கணவரை வெளியே அமரச் செய்துவிட்டுக் கேட்க வேண்டும் என எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

துணைவரின் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் முறையை மருத்துவர், தாதியர் படிப்பிலேயே கற்பிக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. தனிமையில் கேட்பதும், குறை கூறாமல் செவிமடுப்பதும், காயத்தின் இடத்தையும் அளவையும் துல்லியமாகப் பதிவு செய்வதும், அவள் வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்று ஆராய்வதும் ஒரு மணி நேர விரிவுரையில் அடங்குபவை அல்ல. மாணவர்கள் நடித்துப் பார்த்தே பழக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் மாமியாருடன் வரும் மருமகள்கள் உண்டு என்பதால், உறவினரையே மொழிபெயர்க்க வைக்கும் வழக்கத்தையும் பயிற்சியின்போதே விட்டொழிக்க வேண்டும்.

நம் மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தையும், 2017 திருத்தத்தின்படி சமூக நல அதிகாரியே வழங்கக்கூடிய அவசரப் பாதுகாப்பு ஆணையையும், தாலியான் காசே (Talian Kasih) எனும் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 எண்ணையும் அறியாமல் எந்த மாணவியும் பட்டயம் பெறக்கூடாது என்று தாதியர் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணி ஓய்வுபெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்