கிராஃபீன் எண்களும் தடிமனும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் அறிவியல் பக்கத்தில், ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீன் 'எஃகைவிட 200 மடங்கு விறைப்பானது' என்று வந்திருந்தது. விறைப்பும் வலிமையும் இதில் கலந்துவிட்டன. எஃகின் யங் குணகம் (இழுக்கும்போது நீளாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், கிராஃபீனுடையது ஏறத்தாழ 1,000. விறைப்பில் ஐந்து மடங்குதான். நூறைத் தாண்டும் ஒப்பீடுகள் எல்லாம் அறுபடும் வலிமையைப் பற்றியவை. திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

அந்த 1,000 கூட நேரடியாக அளந்த எண் அல்ல. 2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லீ, வெய், கைசர், ஹோன் ஆகியோர், 1 முதல் 1.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளைகளின் மேல் படர்ந்திருந்த ஒற்றைப் படலத்தை அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் அழுத்திப் பார்த்தார்கள். கிடைத்த படல விறைப்பு மீட்டருக்கு 340 நியூட்டன், கூடக்குறைய 50. கிராஃபைட்டின் அடுக்கிடைவெளியான 0.335 நானோமீட்டரால் அதை வகுத்தால்தான் 1 டெராபாஸ்கல், அதாவது அந்த 1,000 கிகாபாஸ்கல், வரும். ஓரணுப் படலத்துக்குத் தடிமன் என்பது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு மட்டுமே.

கணினியில் இதை மாதிரியாக்கும் மாணவர்கள் முதலில் இடறுவதும் இங்கேதான். லாம்ப்ஸ் போன்ற, அணுக்களின் அசைவைக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியல் மென்பொருள், அழுத்தத்தை அணுக்களை அடக்கிய கணக்கீட்டுப் பெட்டியின் மொத்தக் கன அளவால் வகுத்துத் தருகிறது. படலத்துக்கு மேலும் கீழும் வெற்றிடம் விட்டு, பெட்டியின் உயரத்தை 20 ஆங்ஸ்ட்ராம் என வைத்தால் குணகம் 170 கிகாபாஸ்கல் என்று வரும். எஃகைவிடக் குறைவு! பிழை விசைப்புலத்தில் (அணுக்களுக்கிடையிலான விசையைத் தரும் சூத்திரத்தில்) இல்லை. வந்த தகைவை (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசையை) பெட்டி உயரத்தால் பெருக்கி, நியூட்டன்/மீட்டரில் எழுதினால் போதும். அழுத்தத்துக்கும் தகைவுக்கும் குறி எதிரெதிர் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது, இழுக்கும் முறை. ஒரு திசையில் இழுத்துப் பக்கவாட்டைப் பூட்டிவைத்தால் கிடைப்பது யங் குணகம் அல்ல, மீட்சி மாறிலி C11. குவாண்டம் விதிகளிலிருந்தே தொடங்கும் முதற்கொள்கைக் கணக்கீடுகளில் C11 ஏறத்தாழ 358, பக்கவாட்டுத் தகைவைத் தரும் C12 ஏறத்தாழ 60 நியூட்டன்/மீட்டர். இவற்றிலிருந்து யங் குணகம் 348, பாய்ஸன் விகிதம் (நீட்சிக்கு எதிரான பக்கவாட்டுச் சுருக்கத்தின் விகிதம்) 0.17. வித்தியாசம் 3 சதவீதமே என்பதால் தவறு கண்ணில் படாமலே போய்விடும். திரும்பத் திரும்ப வரும் அலகுக் கூட்டில் இரண்டு அணுக்கள் இருப்பதால், ஒவ்வொரு திரிபுக்குப் (நீளமாற்ற விகிதத்துக்குப்) பிறகும் அணு நிலைகளைத் தளர்த்தி ஆற்றலைச் சிறுமமாக்க வேண்டும். பெட்டியை மட்டும் நீட்டிவிட்டுத் தகைவைப் படித்தால் விறைப்பு கூடித் தெரியும்.

திரிபு வரம்பு ±0.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மேற்சொன்ன 2008 அளவீட்டில், தகைவைத் திரிபால் எழுதும் சமன்பாட்டின் இரண்டாம் படி உறுப்பின் கெழு −690 நியூட்டன்/மீட்டர். அதன்படி 1 சதவீதத் திரிபில் நேர்கோட்டிலிருந்து விலகல் 2 சதவீதம், 5 சதவீதத் திரிபில் 10 சதவீதம். சிறு திரிபில் அறுகோணப் படலம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புடையது. அதனால் அறுகோண வலையின் இரு முதன்மைத் திசைகளான ஜிக்ஜாக், ஆர்ம்சேர் ஆகியவற்றில் குணகம் வேறுபட்டு வந்தால் உங்கள் கணக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரிய திரிபில் வேறுபாடு உண்மையானது.

அறுபடும் வரை இழுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கார்பன் பொருள்களுக்குப் பயன்படும் ஏஐரிபோ விசைப்புலத்தில் கார்பன் பிணைப்பை 1.7 ஆங்ஸ்ட்ராமில் துண்டிக்கத் தொடங்கும் சார்பு, அந்த நீளத்தில் விசையைச் செயற்கையாக உயர்த்துகிறது. துண்டிப்பு தொடங்கும் அந்த நீளத்தை 1.92 முதல் 2.0 ஆங்ஸ்ட்ராம் வரை நகர்த்துவது வழக்கம். பிணைப்பின் இயல்பு நீளம் 1.42 ஆங்ஸ்ட்ராம் என்பதால் குணகத்தை இது தொடுவதில்லை, வலிமை எண்ணைத்தான் கெடுக்கும்.

வளைவில்தான் தடிமன் என்ற ஏற்பாடு நம்மை முழுதாகக் கைவிடுகிறது. 1 டெராபாஸ்கல், 0.335 நானோமீட்டர் என்ற இரண்டையும் தகட்டுச் சூத்திரத்தில் இட்டால் வளைவு விறைப்பு 20 எலக்ட்ரான்வோல்ட் வரும். உண்மையில் அது 1.4-ஐ ஒட்டியது. தகடு வளையும்போது மேற்புறம் நீண்டு கீழ்ப்புறம் சுருங்கும். ஓரணுப் படலத்தில் மேலும் கீழும் இல்லை, எதிர்ப்பு வருவது பிணைப்புகள் முறுகுவதாலும் பை ஆர்பிட்டல்கள் சாய்வதாலும். எனவே, பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரம்புறு உறுப்பு முறையில் ஓட்டு உறுப்பை (மெல்லிய தகடுகளுக்கான துண்டை) பயன்படுத்துவோர் இழுவை விறைப்பையும் வளைவு விறைப்பையும் தனித்தனியே உள்ளிட வேண்டும். மென்பொருள் அதற்கு இடம் தராவிட்டால் 0.088 நானோமீட்டர், 3.9 டெராபாஸ்கல் என்ற இணை இரண்டையும் ஏறத்தாழ சரியாகத் தரும். ஆனால் அந்த 3.9-ஐக் கிராஃபீனின் யங் குணகம் என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

இப்படிக்கு,
பொருளறிவியல் துறை வாசகர்