அம்முச்சியை வெளியே கூட்டிப் போகும்போது

குன்னூர்,
மாசி மாதம்.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பங்குனியிலிருந்து பாட்டியை, நம் அம்முச்சியை, வெளியே கூட்டிப் போகும் பொறுப்பை நீயே எடுத்துக்கொள்வதாகச் சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம் கண்ணு. ஆனால் மலையில் எண்பதை நெருங்கும் ஒருவரை அழைத்துப் போவது என்றால் மாதம், நேரம், பாதை, செருப்பு வரைக்கும் பார்க்க வேண்டும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

அம்முச்சிக்கு வெளியே போவது என்றால் சொந்தக்காரர் யாராவது ஒருவர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதுதான். பூங்காவும் ரயிலும் கோயிலும் அதற்குப் பிறகு. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வீடு. "அந்தப் பக்கம்தானே போறோம், சித்தி வீட்டையும் எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளம்பினால் இரண்டு வீட்டிலும் சாப்பிடச் சொல்வார்கள், மறுக்கத் தெரியாது, சர்க்கரை ஏறும். வண்டியில் கால் தொங்கப் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். முக்கால் மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, இறக்கி, பத்து அடியாவது நடக்க வை.

பைக்குள் இருக்க வேண்டியவை: மாத்திரை டப்பா, சர்க்கரை பார்க்கும் மிஷின், மூன்று டீஸ்பூன் சர்க்கரை மடித்த பொட்டலம், பிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு ஜோடி காலுறை கூடுதலாக, மஃப்ளர், ஒரு துண்டு, பழைய மருந்துச் சீட்டு. தண்ணீரை ஸ்டீல் பாட்டிலிலேயே கொண்டு வா. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள். சர்க்கரை மிஷினைப் பையின் வெளி ஜிப்பில் வைக்காதே. 10 டிகிரிக்குக் கீழே போனால் பல மிஷின்கள் வேலை செய்யாது. உன் ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

இதை ரொம்பக் கவனமாகப் படி. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் அம்முச்சிக்குச் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், நெற்றி சில்லென்று வியர்க்கும், பேச்சு குழறும். மலையில் இருப்பவர்கள் இதைப் பார்த்ததும் குளிர் என்று நினைத்து இன்னொரு கம்பளியைப் போர்த்துவார்கள். அப்படிப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டால் அதற்குள் மயக்கம் வந்துவிடும். குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்க்காது. நெற்றியைத் தொட்டுப் பார், ஈரமாக இருந்தால் உடனே அந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. கால் மணி கழித்து மிஷினில் பார். 70-க்குக் கீழேயே இருந்தால் திரும்ப ஒரு முறை கொடு. தெளிந்ததும் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட வை. வாய்க்குள் போனதை விழுங்க முடியாத நிலை என்றால் எதையும் ஊற்றாதே, நேராக ஆஸ்பத்திரி.

காலையில் போடும் பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். மலைப்பாதையில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார். அதுதான் மயக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் வழி. வெளியே போகிற நாளில் அந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடு. கீழே இறங்கும்போது பர்லியாறில் கட்டாயம் நிறுத்து, அவராகக் கேட்கமாட்டார்.

இனி பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. அம்முச்சியை முன் சீட்டில் உட்கார வை, தூரத்தில் தெரியும் ரோட்டைப் பார்க்கச் சொல். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். பாலும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, வெறும் வயிற்றில்தான் அதிகமாகக் குமட்டும். கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துவிடு. வாந்தி மாத்திரை உனக்குத் தூக்கம்தான் தரும், அந்த வயசில் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். டாக்டர் சொல்லாமல் கொடுக்காதே.

ஓட்டுகிறவன் கையில்தான் பாதி இருக்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் வண்டி குலுங்கிக் குலுங்கி வயிற்றைப் புரட்டும், பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதுதான் மலையின் சட்டம், அதை விட்டுக்கொடுக்காத டிரைவரைக் கூப்பிடாதே.

சளி பிடித்திருக்கும்போது மட்டும் அம்முச்சியைக் கீழே இறக்காதே. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அவ்வளவு இறங்கும்போது காது அடைக்கும். மூக்கு திறந்திருந்தால் எச்சில் விழுங்கினாலே விட்டுவிடும். சளியால் அடைத்திருந்தால் காது குத்தி எடுத்துவிடும். மிட்டாய்க்குப் பதிலாக ஒரு துண்டு இஞ்சியோ ஏலக்காயோ வாயில் போட்டுக்கொள்ளச் சொல். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் வெயில் பத்து டிகிரி வித்தியாசம். ஒரே கனமான ஸ்வெட்டர் வேண்டாம். உள்ளே பருத்தி ரவிக்கை, மேலே மெல்லிய ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை என்று போட்டுவிட்டால் கல்லாறு வருவதற்குள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். ஏறும்போது வியர்வை காய்வதற்குள் போர்த்திவிடு.

பங்குனி, சித்திரை, வைகாசி. வானம் வெளுத்து நன்றாக இருக்கும், ஆனால் சீசன். உன் வண்டி கோவை நம்பர் என்பதால் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்மூர் டி.என். 43 வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் தேவையில்லை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள், ஆகவே முன்கூட்டியே எடு. மே மாதம் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். மேலே வருகிறவை குன்னூர் வழி, கீழே இறங்குகிறவை கோத்தகிரி வழி. மேட்டுப்பாளையம் மாமா வீட்டுக்குப் போவதாக இருந்தால் கோத்தகிரி சுற்றித்தான் போக வேண்டும், ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள். சனி, ஞாயிறில் ஊட்டிப் பேச்சையே எடுக்காதே, வேலிவியூவிலிருந்தே வண்டி நகராது. ஒரு நாள் லீவு போட்டுப் புதன், வியாழனில் வா.

தந்தி மாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு அம்முச்சி கட்டாயம் போக வேண்டும் என்பார். தேர் அன்று வேண்டாம். அதற்கு முந்தைய ஏதாவது ஒரு நாள் காலை ஏழு மணிக்குள் போனால் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். சிம்ஸ் பூங்கா 1874-லிருந்து இருக்கிறது, ஆனால் அது ஒரு பள்ளத்தாக்கிலேயே அமைந்த பூங்கா. கீழே குளம் வரை இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், முட்டி தாங்காது. வாசலுக்குப் பக்கத்து மேல்தளத்தோடு நிறுத்திக்கொள். மேலிருந்தே பெரிய மரங்கள் எல்லாம் தெரியும். ஊட்டி ரோஜாப் பூங்கா மலைச்சரிவில் தட்டுத் தட்டாக வெட்டியது, அதுவும் வேண்டாம். தாவரவியல் பூங்காவில் கீழ்ப் புல்வெளி சமதளம், அங்கே உட்காரலாம். ஊட்டி நம்மைவிட 400 மீட்டர் உயரம், நடை மெதுவாகத்தான் இருக்கும், அவசரப்படுத்தாதே.

ஊட்டிக்கு ரயிலில் கூட்டிப் போவதே எனக்குப் பிடித்தம். குன்னூரிலிருந்து 19 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், வளைவில் வயிற்றைப் புரட்டாது. கேத்தியிலும் லவ்டேலிலும் நிற்கும்போது அம்முச்சிக்குப் பேச்சுத் துணையும் கிடைத்துவிடும். பெட்டியின் படிதான் உயரம். நீ முன்னால் ஏறி மேலிருந்து கையைப் பிடித்து இழுக்காதே, தோள்பட்டை இறங்கிவிடும். பின்னால் நின்று இடுப்பைத் தாங்கு, கம்பியை அவரே பிடிக்கட்டும்.

படி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் சொந்தத்தில் பாதிப் பேர் வீடு இருபது முப்பது படி இறங்கித்தான் இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அம்முச்சிக்கு வலது முட்டி வலி, ஆகவே கைத்தடி இடது கையில். தடியின் அடி ரப்பரைத் திருப்பிப் பார். வரி தேய்ந்து மழுங்கியிருந்தால் மாற்று, சின்னச் செலவுதான், வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு. படியில் ஏறும்போது நீ ஒரு படி பின்னால், இறங்கும்போது ஒரு படி முன்னால் இரு. ஹவாய் செருப்பு மழைக்காலம் முழுக்க வேண்டாம், கல் படியில் பாசி படர்ந்திருக்கும். பின்னால் பட்டை வைத்த, அடியில் வரி உள்ள செருப்பு காலுறையோடு.

ஆனி, ஆடி, ஆவணி. தென்மேற்கு மழை ஊட்டிக்கு மேற்கே கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அந்தப் பக்கம். கூடலூர் சித்தி வீட்டை இந்த மூன்று மாதத்துக்கு ஒத்திப்போடு. தொட்டபெட்டா மறைப்பதால் குன்னூர், கோத்தகிரியில் தூறலும் காற்றும்தான். காற்று அடிக்கிற நாளில் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்குக் கீழே வண்டியை நிறுத்தாதே, ஈரத்தில் வேர் இளகி அடியோடு சாயும். கீழே இறங்குகிற நாளில் பர்லியாறில் மங்குஸ்தான் வாங்கு. தோலை அழுத்திப் பார், விரலுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே கெட்டுப்போனது. அம்முச்சிக்கு இரண்டு பழத்துக்கு மேல் வேண்டாம்.

கோத்தகிரி வழியாக இறங்கினால் குஞ்சப்பனை தாண்டும்வரை வெளிச்சம் இருக்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டுக்கே வரும். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்து, ஹாரன் அடிக்காதே, இறங்காதே. வீட்டுப் பக்கத்திலும் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தேயிலைத் தோட்டத்து நடைபாதையில் கூட்டிப் போகாதே. காட்டெருமையும் கரடியும் அந்த நேரத்தில்தான் இறங்குகின்றன. அம்முச்சிக்குக் காது மந்தம், வேகமாக ஒதுங்கவும் முடியாது.

புரட்டாசி எனக்குத் தெரிந்து நல்ல மாதம். கூட்டம் கிடையாது, மழை இடைவெளி விட்டிருக்கும். கூடலூரை அப்போது வை, ஊட்டியிலிருந்து 50 கிலோமீட்டர், பைக்காராவில் நிறுத்தி டீ. ஓர் இரவு தங்கிவிட்டு வா. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் எனக்குக் கவலை. வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும்தான் அடிக்கும். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவு உனக்கும் ஞாபகம் இருக்கும். மண் இரண்டு மூன்று நாள் மழையைக் குடித்துக் கனத்துவிட்டால், மழை விட்டு வெயில் அடிக்கிற காலையிலும் சரியும். வானம் வெளுத்துவிட்டது என்று உடனே கிளம்பாதே, ஒரு பகல் முழுக்கக் காயட்டும். மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயிலை இந்த மாதங்களில் அடிக்கடி நிறுத்துவார்கள், குன்னூர் – ஊட்டி பெரும்பாலும் ஓடும். கிளம்புவதற்கு முன் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் போட்டு ரோட்டைக் கேள். தீபாவளிக்கு அம்முச்சி இங்கேயே இருக்கட்டும், மற்றவர்கள் வரட்டும்.

மார்கழி, தை. ஊட்டியில் காந்தல், தலைகுந்தா பக்கம் உறைபனி விழும். காற்றில்லாமல் வானம் தெளிந்த இரவில்தான் அதிகம். காலை ஒன்பது மணிக்கு முன் வெளியே வேண்டாம், குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும். பொங்கலுக்குப் பத்து நாள் மேட்டுப்பாளையம் மாமா வீட்டில் விடு, முட்டி வலி பாதி குறையும். திரும்பி வந்ததும் இரண்டு நாள் வெளியே எங்கும் வேண்டாம்.

போகிற வீட்டில் யாராவது அன்பாகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், சங்கடப்படாமல் எடுத்து வெளியே வைக்கச் சொல். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும், இந்த மலையில் அப்படிப் போனவர்கள் உண்டு. வெந்நீர்ப் பை போதும். அதையும் துணியில் சுற்றித்தான் பாதத்தில் வைக்க வேண்டும், சர்க்கரைக்காரருக்குச் சுடுவது தெரியாது.

முதல் பயணத்தைக் கோத்தகிரி பெரியம்மா வீட்டுக்கு வை. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், படி எட்டே எட்டு. காலை பத்துக்குக் கிளம்பி ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றரைக்குத் திரும்ப வண்டி. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், சோற்றைக் குறைத்து அவரைக்காய்ப் பொரியலைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். போகும்போது வர்க்கி கால் கிலோ வாங்கிக்கொள், அன்று சுட்டதா என்று கேட்டு வாங்கு. அம்முச்சிக்கு அரை வர்க்கி, சர்க்கரை போடாத டீயில் நனைத்து.

இ-பாஸ் எடுத்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா