ரேடியேட்டருக்கு 25 சுற்று: பந்தய அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பந்தய அமைப்பாளர்களுக்கும் பரிசோதனைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்ற பந்தயத்துக்கு முந்தைய நாள் நடந்த பரிசோதனையில் மலிவு விலைக் கார்களுக்கான தங்கள் பந்தயத்தின் விலை வரம்பை ரேடியேட்டர் மீறியதாகச் சொல்லி, எங்கள் 1994 டொயோட்டா கொரோலா ஓடி முடிக்கும் சுற்றுகளிலிருந்து கழிக்கும்படி 25 அபராதச் சுற்றுகள் விதிக்கப்பட்டதும், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டபோது சிரித்து மழுப்பப்பட்டதும், பின்னர் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு இன்றுவரை பதில் வராததும் தாங்கள் அறிந்தவையே. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து விவரித்துத் தங்கள் பொறுமையைச் சோதிக்கப்போவதில்லை. தனிப்பட எழுதியது போய்ச் சேரவில்லை போலும். அதனால் பொதுவில் எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எந்தப் பாகத்துக்கு என்ன விலை மதிப்பிடுவீர்கள் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே எழுத்தில் வெளியிடுங்கள்; அதன்படி அபராதம் விதித்தால், எதற்காக என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

விலை வரம்பே கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அந்த வரம்பு இருப்பதால்தான் எங்களைப் போன்றவர்களால் பந்தயக் களத்துக்குள் கால் வைக்கவே முடிகிறது. 2006-இல் கலிபோர்னியாவில் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' தொடங்கியபோது, 500 டாலருக்குள் அடங்கும் ஓட்டை உடைசல் கார்களை வைத்துக்கொண்டும் நெடுநேரப் பந்தயம் நடத்தலாம் என்று காட்டினார்கள். வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று அபராதம் என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததே. பின்னால் வந்த தங்கள் தொடர் அவ்விரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது. ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு), இருக்கை, பெல்ட், தீயணைப்பு சாதனம், பிரேக், டயர் ஆகியவற்றை விலைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் எடுத்துக்கொண்டது. நியாயமான விதிகள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது போல, கார் வாங்கிய பணத்தைவிடப் பல மடங்கை அதற்குள் பற்றவைத்த இரும்புக் கூண்டு விழுங்கிவிட்டது. அதற்காக எங்களில் ஒருவரும் முணுமுணுத்ததில்லை. உள்ளே உட்காரப்போவது எங்கள் உயிர்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் பரிசோதனையில் எங்களுக்குக் குறையே கிடையாது. கூண்டுக் குழாயின் சுவர்த் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து பார்க்கிறார்கள். விதிப்படி இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. பெல்ட்டின் மீது தைத்த அட்டையில் தயாரிப்புத் தேதி இருக்கிறது. பந்தயப் பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் சான்று பெற்ற பெல்ட் என்றால் அந்தத் தேதியிலிருந்து 2 ஆண்டுகள்தான் செல்லும். எங்கள் பெல்ட் காலாவதி ஆகியிருந்தபோது, பார்வைக்குப் புத்தம் புதிதாகத்தான் இருந்தது. ஆனாலும் வாதாடவில்லை, வேறு வாங்கினோம். எழுதப்பட்ட விதியின் முன் கோபப்பட யாருக்கும் இடமில்லை. அதே கொட்டகையில் நான்கு அடி தள்ளி விலை மதிப்பிடும் மேசைக்கு வந்தால் மட்டும் அளவுகோல் மறைந்து, ஒருவருடைய கண் மட்டும் மிஞ்சுகிறது.

அந்தக் கண்ணில்தான் எங்கள் ரேடியேட்டர் பட்டது. பழைய ரேடியேட்டருடன் ஓடிய காலத்தில் எங்கள் ஓட்டுநர்கள் பட்ட பாட்டை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில், பல அடுக்குத் தீத்தடுப்பு உடையும் தலைக்கவசமும் கையுறையும் அணிந்து, கார் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவோம். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியாவது ஹீட்டர் வழியாக வெளியேறட்டும் என்பதுதான் காரணம். பழைய கார் ஓட்டும் எவருக்கும் தெரிந்த வைத்தியம் இது. இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், ஓட்டுநர் வேக வேண்டும். தன் முறை முடிந்து, கார்களை நிறுத்தி ஓட்டுநர் மாறும் இடமான பிட்டில் இறங்கிய எங்கள் நண்பர் ஒருவருக்குக் கையுறையைத் தானே கழற்றத் தெம்பில்லை. அவரைச் சுவரோரம் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான், இனி இந்த ரேடியேட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மாற்று ரேடியேட்டரைக் காயலான் கடையில், மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து நாங்களே கழற்றி எடுத்தோம். அலுமினியத்தால் ஆனது; யாரோ முன்பு ஆசைப்பட்டு மாட்டியது. கடைக்காரர் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் எழுதிய விலை அதன் பக்கவாட்டில் இன்னும் இருக்கிறது. ரசீதும் கையில் இருந்தது. தங்கள் நடுவர் பேனட்டைத் திறந்தார், அலுமினியம் பளபளத்தது, புது ரேடியேட்டரின் கடை விலை எவ்வளவு இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டார், வரம்புக்கு மேல் 250 டாலர் என்றார், கதவில் மார்க்கர் பேனாவால் 25 என்று எழுதிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். மஞ்சள் எழுத்தைக் காட்டினோம், குனிந்து பார்க்கவில்லை. ரசீதை நீட்டினோம், ரசீது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் ரசீதையும் நம்ப மாட்டோம், பாகத்தின் மேல் இருக்கும் குறியையும் பார்க்க மாட்டோம், பட்டியலும் தர மாட்டோம் என்றால், நாங்கள் எதைக் காட்டி எதை நிரூபிப்பது?

25 சுற்று என்பது காகிதத்தில் சின்ன எண். அந்தக் களத்தில் எங்கள் கார் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகும். எங்கள் முதல் ஓட்டுநர் ஒரு தவறும் செய்யாமல், தவறுக்காகக் காட்டும் கொடி ஒன்றும் வாங்காமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பிறகுதான் பலகையில் எங்கள் கணக்கு பூஜ்ஜியத்தைத் தொட்டது. மற்றவர்கள் தொடங்கிய இடத்துக்கு நாங்கள் வந்து சேரவே அவ்வளவு உழைப்பு. கோப்பை கிடைக்கவில்லை என்பதல்ல எங்கள் வருத்தம். இந்தக் காரை வைத்துக்கொண்டு கோப்பைக் கனவு காணும் அளவுக்கு எங்களுக்குப் புத்தி கெட்டுவிடவில்லை.

எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி நின்ற அணியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூடிய டிரெய்லரில் வந்து இறங்கிய பி.எம்.டபிள்யூ இ30, எங்கள் காரைவிட உயரமான கருவி அலமாரி, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர்கள், அவற்றின் மீது, பழையவை போலத் தெரியும்படி அழகாகத் தெளித்த சேறு. கார் வாங்கும்போதே அவை இருந்தன என்றார்கள், நடுவர் தலையசைத்தார், அபராதம் பூஜ்ஜியம். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவ்வளவு மலிவாக அப்படிப்பட்ட கார்களை விற்கும் புண்ணியவான்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நாங்களும் போய் வரிசையில் நிற்போம். நடுவருக்குக் குளிர்பானமும் தின்பண்டமும் கொடுத்து 'லஞ்சம்' என்று சிரித்துக்கொள்வது இப்பந்தயங்களின் வேடிக்கை மரபு என்பது தெரியும். நாங்களும் கொடுத்தோம், அவரும் ருசித்துச் சாப்பிட்டார். ஒருவேளை தின்பண்டத்துக்குப் பதிலாகச் சேற்றைக் கொண்டுவந்திருக்க வேண்டுமோ என்னவோ. அடுத்த முறை ரேடியேட்டருக்கும் ஒரு பூச்சுப் பூசிக்கொண்டு வருகிறோம்.

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டது. விஷயத்துக்கு வருகிறோம்.

பட்டியல் போடுவது நடக்காத காரியம் என்று தங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் எங்களிடம் சொன்னார். நடக்கும். இதே வழியில் வளர்ந்த இன்னொரு மலிவுக் கார் பந்தயத் தொடரான சாம்ப்காரில் ஒவ்வொரு கார் மாடலுக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு. மாற்றிப் பொருத்தும் பாகங்களுக்கும் புள்ளிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கூட்டினால் 500 புள்ளிக்குள் இருக்க வேண்டும், மீறினால் அபராதச் சுற்று. அந்த முறையிலும் சண்டைகள் உண்டு, எந்த மாடலுக்கு எத்தனை புள்ளி என்று ஆண்டு முழுவதும் வாக்குவாதம் செய்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வாக்குவாதம் வீட்டில் இருக்கும்போதே நடந்து முடிகிறது. காரை இழுத்துக்கொண்டு இரவு முழுவதும் பயணம் செய்து, நுழைவுக் கட்டணத்தையும் திரும்பப் பெற முடியாத நிலையில், கொட்டகை வாசலில் நின்றுகொண்டு யாரும் தன் தலையெழுத்தைத் தெரிந்துகொள்வதில்லை.

தங்கள் முறை நகைச்சுவைக்கு இடம் தருகிறது, எண்களால் கட்டினால் வேடிக்கை போய்விடும் என்ற கருத்தை மதிக்கிறோம். வேடம் போட்டு வரும் அணிகளுக்கும், யாரும் ஓட்டத் துணியாத காரை ஓட்டிக்கொண்டு வருபவர்களுக்கும் நடுவர் தம் விருப்பப்படி சலுகை காட்டட்டும். அதற்குப் பட்டியல் வேண்டாம். தண்டனைக்கு மட்டும் வேண்டும்.

ரேடியேட்டர் விஷயத்தில் இன்னொன்றையும் தாங்கள் யோசிக்க வேண்டும். பிரேக்குக்கு விலக்கு கொடுத்தது, அது தோற்றால் அடுத்தவனுக்கும் ஆபத்து என்பதால். ரேடியேட்டர் வெடித்தாலும் அதே கதைதான். அதிலுள்ள திரவம் ஒரு வளைவில் கொட்டினால், பின்னால் வரும் கார்களின் டயருக்குப் பிடிமானம் போய்விடும். கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தண்ணீரைப் போல எளிதில் காய்வதில்லை என்பதால்தான் பல பந்தயக் களங்கள் அதை அனுமதிப்பதே இல்லை. அப்படியிருக்க, ஒழுகும் பழைய ரேடியேட்டரோடு வந்தால் அபராதம் இல்லை, ஒழுகாத ரேடியேட்டரோடு வந்தால் 25 சுற்று என்றால், புதிதாக வரும் அணிகள் எதைக் கற்றுக்கொள்ளும்? குளிர்விப்புப் பாகங்களுக்கு முழு விலக்கு தரக்கூட நாங்கள் கேட்கவில்லை. பழைய பாகத்துக்கு இவ்வளவு, புதியதற்கு இவ்வளவு, காயலான் கடைக் குறியோடு இருந்தால் இவ்வளவு என்று எழுதி வைத்தால் போதும். அந்த விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால், பழையபடி ஹீட்டரைப் போட்டுக்கொண்டே ஓட்டிக்கொள்வோம்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பருவத்துக்கான நுழைவுப் பதிவு திறப்பதற்குள் விலைமதிப்புப் பட்டியலை வெளியிடுங்கள். அபராதம் விதிக்கும் நடுவர், பாகத்தின் பெயரையும் மதிப்பிட்ட தொகையையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். ஐயமுள்ள பாகங்களின் படங்களை முன்கூட்டியே அனுப்பி முடிவைத் தெரிந்துகொள்ள அணிகளுக்கு வழி செய்யுங்கள். பட்டியல் தயாரிக்க ஆள் பற்றாக்குறை என்றால், முதல் வரைவைத் தொகுத்துத் தர எங்கள் அணி ஊதியமின்றி உழைக்கத் தயார். அதை அடித்துத் திருத்தும் உரிமை முழுவதும் தங்களுடையது. சென்ற பந்தயத்தின் முடிவை மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. இந்த மடலுக்கு ஒரு பதிலையும், அந்த 25 எப்படி வந்தது என்பதற்கு ஒரு கணக்கையும் மட்டும் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கொரோலா அணியின் ஓட்டுநர்களும் பிட் உதவியாளர்களும்