ஸ்டீம் டெக்கா, சுவிட்ச் 2-ஆ? கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

கையில் வைத்து வீடியோ கேம் ஆடும் கருவியில், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் ஓஎல்இடி வாங்கலாமா, நின்டெண்டோவின் சுவிட்ச் 2 வாங்கலாமா என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணையும் அனுப்பியிருந்தாய். பொறுமையாகப் படித்தேன். சிப், ரேம், திரையின் ஹெர்ட்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் படுத்துக்கொண்டு ஆடுகிற உனக்கு எது முக்கியமோ, அதில் பாதிக்கு மேல் அந்த அட்டவணையில் இல்லை. போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். ஓய்வாக இருக்கும்போது படி.

கையடக்கக் கருவிகளில் ஒரு கணக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்து மாறவே இல்லை. திரைக்கும் வேகத்துக்கும் எவ்வளவு கூட்டுகிறார்களோ, அவ்வளவையும் பேட்டரிதான் கொடுத்தாக வேண்டும். 1989-இல் நின்டெண்டோவின் கேம்பாய் வந்தபோது அதன் திரை 160-க்கு 144 புள்ளி. பச்சைச் சாயலில் நான்கே அடுக்கு நிறம், பின்வெளிச்சம் கிடையாது. அதே ஆண்டு அட்டாரி லிங்ஸ் வண்ணத் திரையோடும் பின்வெளிச்சத்தோடும் வந்தது. மறு ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது. காகிதத்தில் பார்த்தால் கேம்பாய் இந்த இரண்டுக்கும் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அவை ஆறு பென்சில் செல்லைப் போட்டுக்கொண்டு நான்கைந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம்பாய் நான்கே செல்லில் சுமார் 15 மணி நேரம் ஓடும். ஒரு பிள்ளை வீட்டில் எத்தனை தடவைதான் செல் கேட்கும்? கேம்பாயும் அதன் பின்னால் வந்த கேம்பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் ஆட்டம் இன்னொரு காரணம்.

கேம்பாயை உருவாக்கிய நின்டெண்டோ வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய் என்ற மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும், உனக்குத் தெரியும். புதிதாக வந்த பாகத்தைத் தேடி ஓடாமல், மலிவாகிப்போன, குறைநிறை எல்லாம் தெரிந்துபோன பாகத்தை எடுத்து அதற்குப் புது வேலை கொடுப்பதுதான் அவருடைய வழி. கால்குலேட்டரில் இருந்த எல்சிடியை வைத்து 1980-இல் கேம் அண்ட் வாட்ச் என்ற சின்னக் கையடக்க ஆட்டக் கருவியைச் செய்தார். 1982-இல் அதே வரிசையில் வந்த டாங்கி காங்கில், கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டனை வைத்தார். நீ வாங்கப்போகிற ஸ்டீம் டெக்கில் இடது கட்டைவிரலுக்கு அடியில் இன்னமும் அது இருக்கிறது.

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிவைத்துப் பேச மாட்டேன். அந்தத் திரை கண்ணுக்குக் கொடுமைதான். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, பக்கவாட்டில் உள்ள சக்கரத்தைத் திருகித் திருகி கான்ட்ராஸ்டைச் சரிசெய்ய வேண்டும். வேகமாக நகரும் எதுவும் தனக்குப் பின்னால் ஒரு மங்கல் கோட்டை இழுத்துக்கொண்டே போகும். 2001-இல் வந்த கேம்பாய் அட்வான்ஸிலும் விளக்கு இல்லை. அவ்வளவு நல்ல கருவியை இருட்டில் வைத்துக் கொடுத்தார்களே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. 2003-இல் அதன் அடுத்த வடிவமான கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி வந்தபோதுதான் அது தீர்ந்தது. மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கும், திரையில் கீறல் விழாது, விளக்கு உண்டு, சார்ஜ் செய்யலாம். பேட்டரி போய்விட்டால் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் கையடக்கக் கருவிகளில் அதுதான் உச்சம்.

அப்புறம் 2004-இல் நின்டெண்டோ டிஎஸ் வந்தது. அதில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இரட்டைத் திரை இல்லை. மூடினால் ஆட்டம் அப்படியே தூங்கிவிடும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுதான் பெரிய விஷயம். வீட்டு வேலைக்கு நடுவில் ஆடுகிற எனக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது நீ சின்னப் பெண், உனக்குப் புரிந்திருக்காது. இப்போது புரியும். உனக்கும் மீட்டிங்குக்கு நடுவில் கிடைக்கிற நேரம்தானே.

நீ அட்டவணையில் எழுதாத முதல் விஷயம் இது. ஸ்டீம் டெக்கிலும் சுவிட்ச் 2-இலும் பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினால் தூங்கும், இன்னொரு தட்டில் எழுந்துவிடும். விண்டோஸ் போட்டு வருகிற கையடக்கக் கருவிகளில் இந்தத் தூக்கம் அவ்வளவு நம்பிக்கையானது இல்லை. பையில் வைத்த கருவி தானாக விழித்துச் சூடாகிக் கிடக்கிறது என்று பலரும் புலம்புகிறார்கள். அந்தப் பக்கம் நீ போகாதது நல்லது.

இரண்டாவது எடை. ஸ்டீம் டெக் ஓஎல்இடி 640 கிராம். சுவிட்ச் 2 ஜாய்-கான் என்ற இரண்டு பக்கக் கட்டுப்பாடுகளோடு சேர்த்து சுமார் 534 கிராம். நூறு கிராம்தானே என்று தோன்றும். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார், அந்த நூறு கிராம் மணிக்கட்டில் தெரியும். உனக்கு வலது மணிக்கட்டு ஏற்கெனவே வலிக்கிறது. ஆனால் டெக்கின் பிடி தடிமனாக இருக்கும், எடை உள்ளங்கையில் உட்காரும். சுவிட்ச் தட்டையானது, விரல்நுனியால் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். எது உன் கைக்கு ஒத்துவரும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. யாரிடமாவது இருந்தால் வாங்கிக் கால் மணி நேரமாவது பிடித்துப் பார்.

பேட்டரியில் அந்தப் பழைய கணக்குதான் மறுபடியும். டெக் ஓஎல்இடிக்கு 3 முதல் 12 மணி நேரம் என்றும், சுவிட்ச் 2-க்குச் சுமார் 2 முதல் 6.5 மணி நேரம் என்றும் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். பெரிய ஆட்டமாக இருந்தால் கீழ் எண்ணைத்தான் நம்ப வேண்டும். டெக்கில் மூன்று புள்ளி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தி, ஃப்ரேம் வேகத்தை, அதாவது ஒரு நொடிக்கு வரும் படங்களை, 40-க்குக் குறைத்து வை, திரை வெளிச்சத்தையும் கொஞ்சம் இறக்கு. 7.4 அங்குலத் திரையில் வித்தியாசம் கண்ணில் அவ்வளவாகப் படாது, ஆடும் நேரம் நன்றாகவே கூடும். எப்போதும் சார்ஜரில் செருகியே வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு. 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைப்பில் வைத்துக்கொள். சுவிட்ச் 2-இலும் 90 சதவீத அளவில் நிறுத்த ஒரு அமைப்பு இருக்கிறது.

இனி நான் மனதில் அதிகம் யோசிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். "பழசெல்லாம் ஞாபகத்துக்காக வைத்திருப்பதுதானே அம்மா" என்று எழுதியிருந்தாய். இல்லை கண்ணு.

உன் போகிமான் கோல்டு ஆட்டத்தின் கேட்ரிட்ஜைப் போன மாதம் திறந்தேன். சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதற்குப் பிடிக்காது, தனி முனை வேண்டும். உள்ளே நகத்தளவு சில சிப்புகள், பக்கத்தில் சிஆர்2025 என்று போட்ட வட்டமான செல் ஒன்று. நீ சேவ் செய்ததெல்லாம் அந்தச் செல் தரும் துளி மின்சாரத்தில்தான் உயிரோடு இருக்கிறது. இந்த ஆட்டத்தில் பகல், இரவு காட்டும் கடிகாரமும் அதே செல்லில் ஓடுவதால், முந்தைய போகிமான் கேட்ரிட்ஜ்களைவிட இதில் செல் சீக்கிரம் தீரும். செல்லைக் கழற்றினால் சேவ் போய்விடும். அதனால் முதலில் கேட்ரிட்ஜைச் செருகிப் படிக்கும் ஒரு சின்னக் கருவியைக் கணினியில் மாட்டி, சேவை ஒரு கோப்பாக எடுத்து வைத்தேன். பிறகுதான் சால்டரிங் அயர்ன். பழைய செல்லின் தகட்டை விடுவித்து, தகடு வைத்தே வரும் புதுச் செல்லை வைத்துப் பற்றவைத்தேன். கோப்பைத் திருப்பி ஏற்றி எஸ்பியில் போட்டால், உன் டோட்டோடைல் என்ற போகிமான் குரோக்கனாவாக வளர்ந்து கோல்டன்ராட் நகரத்தில் நிற்கிறது! நானும் நீயும் இரண்டு கேம்பாய் கலரைக் கேபிளில் இணைத்து மாற்றிக்கொண்ட ஹான்டரும், மாற்றியவுடன் கெங்கரானதே, அதுவும் அங்கேதான் இருக்கிறது.

எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்கவில்லை, எந்தச் சர்வரும் உயிரோடு இருக்க வேண்டியிருக்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். 2011-இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ்ஸின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், புதிதாக எதுவும் வாங்க முடியாது. 2024 ஏப்ரலில் அதன் ஆன்லைன் ஆட்டமும் நின்றது. சுவிட்ச் 2-க்கு வரும் சில ஆட்டங்களின் அட்டையில் ஆட்டமே இருக்காது, சாவி மட்டும்தான். ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வால்வின் இணையக் கடையான ஸ்டீமிலும் நீ வாங்குவது உரிமம்தான், பொருள் இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஸ்டீமில் வாங்கியது டெக்கோடு முடிந்துபோவதில்லை. நாளைக்கு வேறு கணினி வாங்கினால் அதிலும் ஓடும். கல்லூரிக் காலத்தில் வாங்கிக் குவித்ததெல்லாம் உன் கணக்கில் அப்படியே இருக்கிறதே.

பழுது பார்ப்பதையும் சேர்த்துப் பார். முதல் சுவிட்சில் கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கும் தொல்லை எவ்வளவு பேருக்கு வந்தது என்று உனக்கே தெரியும். உள்ளே இரண்டு பரப்புகள் உரசிக்கொண்டே தேயும் அமைப்பு அது. ஸ்டீம் டெக்கின் ஸ்டிக்கும் அடிப்படையில் அப்படித்தான். ஆனால் டெக் ஓஎல்இடியின் பின்மூடி நட்சத்திர முனை (டார்க்ஸ்) ஸ்க்ரூவில் திறக்கிறது, ஸ்டிக் தனியாகக் கழன்று வரும், ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளத்தில் உதிரிபாகமும் செய்முறைப் படங்களும் கிடைக்கின்றன. காந்தத்தால் இயங்கும், தேயாத ஹால் வகை ஸ்டிக்கை வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. பேட்டரி மட்டும் இரண்டிலுமே பசை போட்டு ஒட்டியது. எஸ்பியில் ஒரு ஸ்க்ரூவில் முடிந்த வேலையை இருபது ஆண்டு கழித்து இவ்வளவு கடினமாக்கியது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து, கருவியின் பேட்டரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நல்ல வேலை செய்தார்கள்.

சரி, என் முடிவு: ஸ்டீம் டெக் ஓஎல்இடி வாங்கு. 512 ஜிபி போதும், மைக்ரோ எஸ்டி அட்டை போட இடம் இருக்கிறது. ஃபோர்ட்நைட் மாதிரி சில ஆன்லைன் ஆட்டங்கள் அதில் ஓடாது, நீ அவற்றை ஆடுவதில்லை. ஆனால் மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்து ஆடுவதுதான் முதல் ஆசை என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு சுவிட்ச் 2 வாங்கு. இரண்டு பக்கக் கட்டுப்பாட்டையும் கழற்றி ஆளுக்கொன்று கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆடலாம். அந்த ஒரு விஷயத்தில் அதற்கு இணை இல்லை.

எஸ்பியையும் கோல்டையும் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன், அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு போ. உன்னிடம் இருக்கும் பழைய கேம்பாயில் செல் போட்டபடியே இருந்தால் இன்றைக்கே கழற்று. கம்பியில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடை, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுச் செல் போடு. கேட்ரிட்ஜில் வாயால் ஊதாதே, எச்சிலின் ஈரம் உலோகப் பற்களை அரிக்கும்.

எந்தக் கருவியைப் பிடித்துப் பார்த்தாய், மணிக்கட்டு என்ன சொன்னது என்று எழுது.

அன்புடன்,
அம்மா