ரெசின் மாறுகிறது, எக்ஸ்போஷர் நேரத்தையும் மாற்றுங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அடுத்த லோடிலிருந்து நம் கடைக்கு வரும் 3டி பிரிண்டர் ரெசின் (405 நானோமீட்டர் ஒளியில் கெட்டியாவது) எதிலும், அதைக் கெட்டியாக்கத் தொடங்கிவைக்கும் டிபிஓ என்ற பொருள் இருக்காது. அந்த இடத்தில் டிபிஓ-எல் சேர்த்து வருகிறது. பாட்டில் அதே பாட்டில், நிறமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பழைய எக்ஸ்போஷர் நேரத்தை, அதாவது ஒவ்வொரு லேயருக்கும் ஒளி காட்டும் நேரத்தை, அப்படியே வைத்து ஓட்டினால் மாடல் பிளேட்டில் பிடிக்காமல் தொட்டியின் அடியிலேயே படிந்து கிடக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி பிரிண்ட் போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்க்கும் நகைப் பட்டறைக்காரர்கள் தயவுசெய்து முழுதும் படித்துவிடுங்கள்.

ரெசினில் பெரும்பங்கு அக்ரிலேட். அந்தச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கின்றன. ஆனால் யாராவது தொடங்கிவைக்க வேண்டும். அதற்குத்தான் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போட்டோ இனிஷியேட்டர் சேர்க்கிறார்கள், டிபிஓ அப்படி ஒன்று. டிபிஓ மேல் ஒளி விழுந்ததும் அது பாஸ்பரசுக்கும் கார்பனுக்கும் நடுவில் இரண்டாக உடையும். உடைந்த இரண்டு துண்டிலும் ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்று இருக்கும். அந்தத் துண்டு பக்கத்தில் இருக்கும் அக்ரிலேட்டைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், அப்படியே சங்கிலி நீண்டு, குறுக்கே பின்னி, ஒரு லேயர் கெட்டியாகிவிடும். இனிஷியேட்டர் தீக்குச்சி மாதிரி, பற்றவைத்ததோடு அதன் வேலை முடிந்தது. உடைந்தது திரும்பச் சேராது.

டிபிஓ இத்தனை வருடம் கோலோச்சியதற்குக் காரணம் உண்டு. நம் எல்சிடி பிரிண்டர்களில் இருக்கும் 405 எல்இடியின் ஒளியை அது நன்றாக உறிஞ்சும். உடைந்த பிறகு அந்த உறிஞ்சும் தன்மை போய்விடும். அதனால் மேல்பகுதி கெட்டியானதும் ஒளி அதைத் தாண்டி உள்ளே இறங்கும், கிளியர் பீஸ் அவ்வளவாக மஞ்சள் தட்டாது. பொருளாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சிக்கல் உடம்பு சம்பந்தப்பட்டது. விலங்குச் சோதனைகளை வைத்து, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் டிபிஓவை வகைப்படுத்தியிருக்கிறது. 2023 ஜூனில் மிகுந்த கவலைக்குரிய வேதிப்பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. 2025 செப்டம்பர் 1 முதல் நக ஜெல் உட்பட எந்த அழகுசாதனப் பொருளிலும் அது இருக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. பியூட்டி பார்லரில் நகத்தை விளக்கடியில் நீட்டிக் காயவைப்பதும் நம் பிரிண்டர் செய்வதும் ஒரே வேதியியல்தான்!

அந்தத் தடை பிரிண்டிங் ரெசினுக்குப் பொருந்தாது. இருந்தாலும் மாற்றுகிறோம். ஐரோப்பாவுக்குப் பொருள் அனுப்பும் வாடிக்கையாளர்கள் நமக்கு இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று பொருளின் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். முழுதாக வினைபுரியாத டிபிஓ பீஸில் மிச்சம் இருக்கத்தான் செய்யும். அதைவிட, தினமும் இந்தப் பாட்டிலைத் திறந்து ஊற்றுபவர்கள் நீங்கள். ரெசினுக்கும் தடை வந்தபிறகு மாற்றலாம் என்று காத்திருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

டிபிஓ-எல் அதே குடும்பம். டிபிஓவில் இருக்கும் பீனைல் வளையம் என்ற அணுக்கூட்டம் ஒன்றுக்குப் பதில் இதில் ஈத்தாக்சி என்ற வேறொன்று இருக்கிறது. அது தூள், இது திரவம். ரெசினில் கலப்பது சுலபம், குளிரில் தூளாகப் பிரிந்து அடியில் நிற்கும் தொல்லையும் இல்லை. குறை என்னவென்றால் 405 ஒளியை டிபிஓ அளவுக்கு உறிஞ்சாது. அதனால்தான் எக்ஸ்போஷர் நேரத்தைக் கூட்டச் சொல்கிறோம். எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. உங்கள் பிரிண்டரின் எல்இடி எவ்வளவு பழையது, லேயர் எவ்வளவு தடிமன், ரெசின் என்ன நிறம் என்பதைப் பொறுத்தது அது. கறுப்பும் சாம்பலும் கிளியரைவிட நேரம் கேட்கும். முதலில் சின்ன டெஸ்ட் பீஸ் ஒன்று போட்டு, மெல்லிய கம்பிகள் முழுதாக வருகிறதா, சின்னத் துளைகள் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வரவில்லை என்றால் நேரத்தைக் கூட்டுங்கள், துளை அடைத்தால் குறையுங்கள். அடி லேயர்களின் நேரத்தையும் தனியாகக் கூட்ட மறக்க வேண்டாம்.

இன்னொன்று, கழுவிய பிறகு பீஸ் பிசுபிசுப்பாக இருக்கிறது என்ற புகார். காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் காரணம். வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலியின் நுனியை அது பிடித்துக்கொண்டால் அதற்கு மேல் சங்கிலி நகராது. புது ரெசினில் இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். ஐபிஏவில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கழுவி நன்றாக உலரவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பீஸை அதற்குள் முக்கிவைத்து க்யூரிங் விளக்கைப் போடுங்கள். காற்று படாததால் மேல்பரப்பும் இறுகிவிடும்.

பழையதையும் புதியதையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். கலந்தால் எந்த எக்ஸ்போஷர் நேரம் வைத்தாலும் சரிவராது. கையுறை வழக்கம்போல. டிபிஓ-எல் வந்துவிட்டது என்பதற்காக வெறுங்கையால் தொடலாம் என்றில்லை. அக்ரிலேட்டே தோலில் அலர்ஜி கொண்டுவரும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். கழுவிய ஐபிஏவைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயிலில் வைத்தால் ரெசின் கெட்டியாகி அடியில் நின்றுவிடும்.

வாட்ஸ்அப்பில் சிலர் கேட்ட கேள்வி ஒன்று: தீர்ந்துபோகாத, நிஜமான வினையூக்கி போட்ட ரெசின் வராதா? ஆராய்ச்சிக்கூடத்தில் வந்துவிட்டது. 2012இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கிரெய்க் ஹாக்கர் குழு, இரிடியம் சேர்மம் ஒன்றைச் சொற்ப அளவில் போட்டு, விளக்கைப் போட்டால் சங்கிலி வளரவும் அணைத்தால் நிற்கவும் செய்து காட்டியது. இரிடியம் விலைக்கு நாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சிட்னியில் சிரில் போயர் குழு, இலையில் இருக்கும் பச்சையத்தையே வினையூக்கியாக வைத்து, சிவப்பு ஒளியில் பாலிமர் வளர்த்தது. அந்தக் குழுவின் முறையில் அச்சிட்ட பொருளின்மேல் பிற்பாடு இன்னொரு பாலிமரை வளர்க்கவும் முடிகிறது, எங்களுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். ஆனால் அதில் சங்கிலியைக் கட்டுப்படுத்தும் கந்தகச் சேர்மத்துக்கு மஞ்சள் நிறமும் ஒரு வாடையும் உண்டு, விலையும் கூடுதல். மோதிர மாடலுக்கு இப்போதைக்கு அது வேண்டாம். மூலப்பொருள் விலை இறங்கினால் முதல் பாட்டிலை நாங்களே வாங்கி ஓட்டிப்பார்த்துச் சொல்கிறோம்.

பழைய பாட்டில் சீல் உடைக்காமல் வைத்திருப்பவர்கள் விருப்பப்பட்டால் கடைக்குக் கொண்டுவந்து புதியதாக மாற்றிக்கொள்ளலாம், கூடுதல் பணம் இல்லை. சீல் உடைத்ததை அப்படியே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். டெஸ்ட் பீஸ் சரியாக வரவில்லை என்றால் போட்டோவோடு பிரிண்டர் மாடல், லேயர் தடிமன், இப்போது வைத்திருக்கும் நேரம் மூன்றையும் அனுப்புங்கள். வெறும் போட்டோவை வைத்து எங்களால் எதுவும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உங்கள் ரெசின் கடை,
கோயம்புத்தூர்