சிவப்பு ரசாயனமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உரக் கட்டுரையில் பொட்டாஷ் என்ற சாம்பல் சத்து உரத்தை ‘ஆலையில் தயாராகும் சிவப்பு ரசாயனம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆலையில் யாரோ சாயம் வேறு கலக்கிறார்கள் போலிருக்கிறது! அந்தச் சிவப்பு, மண்ணுக்கடியிலேயே உப்போடு சேர்ந்திருக்கும் இரும்பு ஆக்சைடு என்பது தாங்கள் அறியாததா? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு அது. கனடாவின் சஸ்காச்சுவானில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு ஆலையில் நடப்பது பெரும்பாலும் சாப்பாட்டு உப்பைப் பிரித்தெடுக்கும் வேலைதான். சல்ஃபேட் பொட்டாஷ் என்ற வேறு வகை உரத்தில் ஒரு பகுதி ஆலையில் தயாராவது உண்மை. ஆனால் அது சிவப்பு இல்லை, கட்டுரை சொன்னதும் அதை இல்லை.

குறை சொல்ல வேண்டுமானால் விஷயமா இல்லை? ஜெர்மனியின் வெர்ரா ஆறு பொட்டாஷ் சுரங்கங்களின் கழிவுநீரால் உப்பேறிப்போன கதையை எழுதியிருக்கலாமே.

இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு இதழில், அடியிலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்திருந்த படத்துக்குக் கீழே ‘தண்ணீர்ப் பற்றாக்குறை’ என்று போட்டீர்கள். என் பயிரிலும் அச்சாக அதே தீய்ச்சல். உங்களை நம்பி விடாமல் தண்ணீர் கட்டினேன். மணல் பாங்கான நிலம். இருந்த கொஞ்சநஞ்சச் சாம்பல் சத்தும் நீரோடு கீழே இறங்கிவிட்டது. தீய்ச்சலுக்குக் காரணம் சாம்பல் சத்துப் பற்றாக்குறைதான் என்று சொன்ன மண் பரிசோதனைத் தாள் கைக்கு வந்தபோது அறுவடையே முடிந்திருந்தது. தானியத்தை உள்ளங்கையில் வைத்து ஊதினேன், பாதி பறந்தது.

அப்புறம் அந்தச் சோப்புக் கட்டுரை. எல்லாச் சோப்புக்கும் காஸ்டிக் சோடாதானாம். திரவச் சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும், அதை இதே பொட்டாஷ் உப்பான பொட்டாசியம் குளோரைடின் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் எடுக்கிறார்கள், ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பதும் அதே காரம்தான் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அச்சேறியது ‘கட்டுரை அருமை’ என்ற வரி மட்டும். அந்த வரியை நான் எழுதவே இல்லை, ஐயா.

நான் கேட்பது சின்ன விஷயம். உர மூட்டையில் இருக்கும் 60 சதவீதம் என்பது பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு, மூட்டையின் மொத்த எடையில் பொட்டாசியம் சுமார் 50 சதவீதம்தான் என்று அடுத்த உர அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்திலாவது போடுங்கள். அந்த இலைப் படத்துக்கும் ஒரு திருத்தம் வேண்டும்.

இடம் போதாவிட்டால் மேலே உள்ள வணக்கத்தை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்