சூரியனே இல்லாத டிசம்பரில் எந்த ஒளி தெறித்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், 'வடதுருவப் பனிமலையில் சூரிய ஒளி பட்டுத் தெறிப்பதே துருவ ஒளி' என்று போட்டிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷம் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். 1984 டிசம்பரில் நார்வேயின் டிராம்சோவுக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். அந்த மாதம் அங்கே சூரியன் உதிப்பதே கிடையாது. பிறகு எந்த ஒளி எந்தப் பனியில் பட்டது?

அன்று வானில் துருவ ஒளி முதலில் பச்சைத் திரைபோல் ஆடியது. நடுநிசிக்கு மேல் திட்டுத்திட்டாகப் பிரிந்து, மங்கி மங்கி எரிந்தது. கடிகாரம் வைத்து எண்ணினேன், ஒரு திட்டுக்கு எட்டு ஒன்பது விநாடி. ஹெட்போனில் ஒரு நிலையமும் இல்லை, வெறும் இரைச்சல். மகள் பிறந்த தந்தி இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது.

தாங்கள் அறியாததல்ல. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று தரும் ஆற்றலால் பூமியின் காந்தமண்டலத்துக் காந்தக் கோடுகள் வீணைத் தந்திபோல் அதிர்கின்றன. 1942-இல் இதைக் கணித்த ஸ்வீடன்காரர் ஹானஸ் ஆல்ஃபெனுக்கு 1970-இல் நோபல் கொடுத்தார்கள். அந்த அதிர்வுக்குப் பெயரே ஆல்ஃபென் அலை. அதன்மேல் ஏறிவரும் எலெக்ட்ரான்கள் விநாடிக்கு 20,000 கி.மீ. வேகம்வரை எடுக்கும். நூறு கி.மீ. உயரத்துக்குச் சற்று மேலே ஆக்சிஜனில் மோதினால் பச்சை. நான் எண்ணிய திட்டுகள் கோரஸ் என்கிற வேறு மின்காந்த அலையின் வேலை. ஸ்பீக்கரில் போட்டால் விடியற்காலைக் குருவிகள்போல் கீச்சிடும். அது எலெக்ட்ரான்களைக் கீழே தள்ளிவிடுவதை ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் பதிவுசெய்த ஆய்வு 2018-இலேயே வந்துவிட்டது.

2024 மே மாதம் லடாக்கின் ஹன்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்தபோதும் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். போடவில்லை. முழுப் பக்கமாக இருந்த அறிவியல் கால் பக்கமாகிவிட்டது, ராசிபலன் மட்டும் குறையவில்லை. சூரியனை ஆராயும் நம் ஆதித்யா எல்-1 விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அன்று எங்கள் ராயபுரத்துப் பிள்ளைகள் மொட்டைமாடியில் ஏறி வடக்கே பார்த்து நின்றார்கள். அதை எழுத ஒரு நிருபர் வரவில்லை. வெட்டுக்குத்துக்கும் வெள்ளத்துக்கும் மட்டும் வடசென்னைக்கு வழி தெரிகிறது.

நேற்று கிளை நூலகத்தில் ஏழாவது படிக்கும் பையன் உங்கள் வரியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் பேப்பரில் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயசு. தடுக்க வாய் வரவில்லை எனக்கு.

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரி திருத்தம் போடுங்கள் ஐயா. அந்த இதழை நானே அவனிடம் காட்டிக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ரேடியோ ஆபீசர்,
ராயபுரம், சென்னை.